சோதனை வெளிநாட்டில், செலவில் பாதி அரசு: சின்ன கம்பெனிக்கு இது ஒத்துவருமா?

குளிர்பெட்டி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். சூரிய மின்சாரத்தில் ஓடுகிற சிறிய குளிர்பதன அறை செய்கிற கம்பெனி எங்களுடையது. காய்கறி, பழம் வைக்கிற அளவுதான். பகலில் வெயில் இருக்கும்போதே தண்ணீரை உறையவைத்துக் குளிரைச் சேர்த்துக்கொள்ளும், இரவில் அந்தப் பனிக்கட்டி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் பெரிய பேட்டரி தேவையில்லை, கன்ட்ரோலருக்கு மட்டும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. உள்நாட்டில் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, சொல்லும்படியான குறை எதுவும் வரவில்லை. ஆனால் உள்நாட்டுச் சந்தை சின்னது. இதை வாங்கக்கூடியவர்கள் இருப்பதெல்லாம் இன்னும் வெப்பமான, கரன்ட் ஒழுங்காக வராத நாடுகளில்தான்.

இப்போது அரசு ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறது. தூய்மைத் தொழில்நுட்பம் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் அதை வெளிநாட்டில் நிறுவிச் சோதித்துப் பார்க்க, ஆகிற செலவில் பாதி வரை மானியம். படிவத்தைப் படித்தேன், பாதி புரிந்தது, மீதி தலைக்கு மேல் போய்விட்டது. போன் செய்து கேட்டால் படிவத்தில் இருப்பதையே திரும்பப் படித்துக் காட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். பணம் முதலிலேயே கையில் வருமா? அங்கே இடம் கொடுக்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? எத்தனை மாதம் ஓட்டினால் சோதனை என்று ஒத்துக்கொள்வார்கள்? முடிந்த பிறகு அந்த அறையை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா? என் பார்ட்னருக்கு இதில் நம்பிக்கையே இல்லை, மானியத்தின் பின்னால் அலைகிற நேரத்தில் நாலு வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்கலாம் என்கிறார். இதில் இறங்கிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

பணத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன், சின்ன கம்பெனிக்கு மூச்சு முட்டுவது அங்கேதான். இந்த மாதிரித் திட்டங்களில் பெரும்பாலானவை நீங்கள் செலவு செய்துவிட்டு, பில்லைக் காட்டி, பிறகு வாங்கிக்கொள்கிற வகை. முன்பணம் தருகிற திட்டங்களும் உண்டு, ஆனால் அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், அந்த உத்தரவாதத்துக்கு வங்கி உங்கள் டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக ஒன்றுதான்.

பாதி மானியம் என்றால் கையில் மீதிப் பாதி இருந்தால் போதும் என்று நிறைய பேர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி வராது. மொத்தச் செலவு 100 என்று வையுங்கள். இயந்திரம் செய்வது, கப்பலில் அனுப்புவது, நிறுவுவது எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும், ஆகவே முதல் மூன்று மாதத்தில் 40 போய்விடும், அடுத்த மூன்று மாதத்தில் 30. முதல் காலாண்டு கிளெய்மை அவர்கள் சரிபார்த்து 20 அனுப்பும்போது இரண்டாம் காலாண்டே முடிந்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் பணம் 70 வெளியே நிற்கும். 50 இருந்தால் போதும் என்று இறங்கியவர் அங்கே சம்பளம் போட முடியாமல் முழிப்பார். இதற்கு மேல், மானியத்தில் ஒரு பகுதியை இறுதி அறிக்கை ஏற்கப்படும் வரை நிறுத்தி வைப்பது பல இடங்களில் வழக்கம். அதையும் கணக்கில் சேர்த்துவிட்டு, ஓவர்டிராஃப்ட் வட்டி யார் தலையில் என்று பாருங்கள். உங்கள் தலையில்தான். வட்டி பொதுவாக அனுமதிக்கப்பட்ட செலவு கிடையாது.

இரண்டாவது, தேதி. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் போட்ட ஆர்டர், வாங்கிய டிக்கெட், கொடுத்த அட்வான்ஸ் எதையும் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். 'எப்படியும் கிடைத்துவிடும், கம்ப்ரசரை இப்போதே ஆர்டர் போடலாம்' என்று போட்டால் அந்த பில் குப்பைக்கு. ஐரோப்பாவில் உதவி விதிகள் பலவற்றில் இது இன்னும் கடுமை. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால், மானியம் இல்லாமலே இவர்கள் செய்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு முழுத் திட்டத்தையே தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது, உங்கள் ஆட்களின் நேரம். சம்பளத்தைச் செலவில் சேர்க்கலாம், ஆனால் யார் எந்த நாளில் எத்தனை மணி நேரம் இந்த வேலையைப் பார்த்தார் என்ற டைம் ஷீட் வேண்டும், அன்றன்றே எழுதியதாக. ஆண்டு முடிவில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய ஷீட்டை ஆடிட்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் லீவில் இருந்த நாளில் எட்டு மணி நேரம் வேலை பார்த்ததாக இருக்கும், அதை வைத்து மொத்த சம்பளக் கிளெய்மையும் கேள்வி கேட்பார்கள்.

மானியம் என்று எழுதியிருப்பதெல்லாம் மானியமும் இல்லை. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து 1977இல் தொடங்கிய பேர்ட் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். செலவில் பாதி வரை தருவார்கள், கம்பெனியில் பங்கு கேட்கமாட்டார்கள், காப்புரிமையையும் கேட்கமாட்டார்கள். ஆனால் பொருள் விற்க ஆரம்பித்தால் வருமானத்தில் இருந்து திருப்பிக் கட்ட வேண்டும், தாமதமாகத் தாமதமாக அது வாங்கியதில் ஒன்றரை மடங்கு வரை போகும். விற்கவில்லை என்றால் கட்ட வேண்டாம். மோசமான ஏற்பாடு இல்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஐந்தாண்டு லாபக் கணக்கில் அது ஒரு வரியாக இருக்க வேண்டும். உங்கள் படிவத்தில் 'திருப்பிச் செலுத்தத்தக்க' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

வேறு அரசு உதவி ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு உதவிகளுக்கென்று உள்ள விதியில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் 3 லட்சம் யூரோ உச்சவரம்பு, 2024 தொடக்கத்தில் இருந்து இப்படி. அதற்கு முன் 2 லட்சம். உங்கள் நாட்டில் எவ்வளவு என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுமுகம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரி எந்தெந்த நாடுகள் கொடுக்கின்றன? கொடுக்கிற அரசுக்கு இதில் என்ன லாபம்? தன் மக்கள் வரிப்பணத்தை எடுத்து வேறு நாட்டில் ஒரு பெட்டியை வைத்து ஓட்டிப் பார்க்க ஏன் தர வேண்டும்? எனக்கு அதுவே புரியவில்லை.

மதிப்பெண் எழுதியது:

இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிற குழுவில் நான் இருந்திருக்கிறேன். எந்தத் திட்டம் என்று சொல்லமாட்டேன். புதுமுகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் குளிர்பெட்டிக்கும் எப்படி எழுதுவது என்று புரியும்.

பணம் எந்தப் பையில் இருந்து வருகிறது என்று பாருங்கள். பிரிட்டனின் எனர்ஜி கேட்டலிஸ்ட் திட்டம் பெரும்பகுதி வெளிநாட்டு உதவிப் பணத்தில் ஓடியது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மின்சாரம் எட்டாதவர்களுக்குத் தூய ஆற்றல் போய்ச் சேருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஜப்பான் 2013இல் மங்கோலியாவோடு தொடங்கிய கூட்டுக் கார்பன் வரவுத் திட்டம் வேறு மாதிரி. இயந்திரச் செலவில் பாதி வரை ஜப்பான் அரசு தரும், அதனால் குறைகிற கார்பன் உமிழ்வில் ஒரு பங்கை ஜப்பான் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஐரோப்பாவின் யூரோஸ்டார்ஸ் இன்னொரு மாதிரி. குறைந்தது இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து வர வேண்டும், தலைமை சிறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், எந்த ஒரு நிறுவனமும் எந்த ஒரு நாடும் மொத்தச் செலவில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு நாடும் தன் நாட்டு நிறுவனத்துக்கு மட்டும் பணம் தரும். அமெரிக்க வர்த்தக மேம்பாட்டு முகமை இன்னும் வேடிக்கையாக இருக்கும். அவர்கள் பணத்தை வெளிநாட்டில் இருக்கிற திட்ட உரிமையாளருக்குத் தருகிறார்கள், அவர் அதை வைத்து அமெரிக்க நிறுவனத்தை அமர்த்திக்கொள்கிறார். அதே அமெரிக்காவில் சிறு நிறுவன ஆராய்ச்சிக்கென்று 1982இல் தொடங்கிய எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தின் பணத்தை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் போய் ஆராய்ச்சி செய்யப் பார்த்தால், தனி அனுமதி இல்லாமல் முடியாது, வேலை உள்நாட்டில்தான் நடக்க வேண்டும்.

ஆக, அரசுக்கு வேண்டியது சில இடத்தில் வளர்ச்சி உதவி, சில இடத்தில் கார்பன் கணக்கு, சில இடத்தில் நாளைய ஏற்றுமதி. ஆனால் கடைசியாகச் சொன்னதை அவர்கள் வெளிப்படையாக நிபந்தனையாக வைக்க முடியாது. ஏற்றுமதி செய்தால்தான் தருவேன் என்று மானியம் தருவதை உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் தடை செய்கிறது. அதனால்தான் எல்லாத் திட்டங்களும் சோதனை, செயல்விளக்கம், சாத்தியக்கூறு ஆய்வு என்றே பேசும். விற்பனைப் பிரதிநிதியின் பயணம், கண்காட்சி ஸ்டால், விளம்பரக் கையேடு என்று பட்ஜெட்டில் போட்டுக் கொண்டுவருகிறவர்களுக்கு முதல் சுற்றிலேயே மதிப்பெண் இறங்கிவிடும்.

இப்போது குளிர்பெட்டி. உங்கள் பதிவில் 'இன்னும் வெப்பமான நாடுகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்திலும் இதையே காரணமாக எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன். வெப்பத்தைச் சோதிக்க வெளிநாடு எதற்கு? வெப்ப அறை இருக்கிற ஆய்வுக்கூடத்தில் 43 டிகிரி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கே வெப்பமண்டல வகுப்பு என்றால் 43 டிகிரி வரை என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. சூரிய மின்சாரத்தில் நேரடியாக ஓடும் தடுப்பூசிப் பெட்டிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தேர்விலும் வெப்ப மண்டலத்துக்கு அதே 43தான், வெயிலே இல்லாமல் குறைந்தது 3 நாள் உள்ளே குளிர் தாங்க வேண்டும். இதையெல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு முடிவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். பேனல் சூடாகும்போது மின்சாரம் குறைவதும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3இல் இருந்து 0.45 சதவீதம் வரை, தயாரிப்பாளர் தாளிலேயே இருக்கிறது. அதற்கும் விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாதது எது? கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பார்கள், திறந்தால் எவ்வளவு நேரம் திறந்தே போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது. வயலில் இருந்து வெயிலில் சூடேறி வந்த சரக்கை ஒரேயடியாக உள்ளே தள்ளுவார்களா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்பது. வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் புழுதி படிந்தால் யாராவது துடைப்பார்களா என்பது. பேனலை நிழல் மறைக்கிற மாதிரி பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுவிடுவார்களா என்பது. கம்ப்ரசர் நின்றுபோனால் அந்த ஊர் மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்வாரா, இல்லை உங்கள் ஆள் வரும் வரை சரக்கு அழுகுமா என்பது. நீங்கள் அனுப்பும் இயந்திரம் அங்கே எப்படிப் பயன்படுகிறது என்பதுதான் சோதனை. இதை விண்ணப்பத்தில் எழுதியவர்களை நான் பார்த்தது குறைவு, எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது.

அடுத்தது, எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? டீசல் ஜெனரேட்டரில் ஓடும் அறைக்குப் பதிலாக உங்களுடையது வரப்போகிறது என்றால், உங்களுடையதை வைக்கும் முன்பே அந்தப் பழைய அறை எத்தனை லிட்டர் டீசல் குடித்தது, எத்தனை கிலோ சரக்கு கெட்டது என்று அளந்து வைத்திருக்க வேண்டும். பழையதைக் கழற்றிப் போட்ட பிறகு ஞாபகம் வந்து பயனில்லை, அப்புறம் அந்த எண் எங்கேயும் கிடைக்காது. எரிசக்திச் சேமிப்பை அளக்க ஐ.பி.எம்.வி.பி. என்று சர்வதேச நெறிமுறையே இருக்கிறது, அதில் அடிப்படைக் காலம் என்று தனியாக வரையறுத்திருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

யார் அளக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். உங்கள் கம்பெனி ஆள் உங்கள் சென்சரை வைத்து அளந்து 'எங்கள் பொருள் நன்றாக ஓடியது' என்று அறிக்கை எழுதினால் அதை நாளைக்கு வாங்க வருகிறவர் நம்பமாட்டார். வங்கிக்காரர் சுத்தமாக நம்பமாட்டார். வெளியாள் ஒருவர், ஒரு பல்கலைக்கழகத் துறையாவது, அளவைக் கருவிகளின் சான்றைப் பார்த்து, தரவைத் தானே இறக்கி எழுத வேண்டும். சுற்றுச்சூழல் தொழில்நுட்பச் சரிபார்ப்புக்கென்று ஐ.எஸ்.ஓ. 14034 என்ற தரம் 2016இல் வந்தது. அந்த வழியில் போனால் செலவு கூடும், ஆனால் பெரும்பாலும் அந்தச் செலவையும் மானியத்தில் சேர்க்கலாம். நானாக இருந்தால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கமாட்டேன். அரசு உங்களுக்கு உண்மையில் வாங்கித் தருவது இந்த நம்பகத்தன்மையைத்தான்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். சூரிய ஒளியை நம்பி ஓடும் பொருளுக்கு ஒரு முழு ஆண்டு. மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டு ஆறு மாதம் ஓட்டிக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

துறைமுகம் எழுதியது:

மதிப்பெண் சொன்ன அந்த ஒரு ஆண்டு, அதை வைத்துத்தான் என் கவலை. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி சோதனைச் சரக்குகள் வருவதும் போவதும் தினசரி.

திருப்பிக் கொண்டுவரப் போகிற பொருளை வரி கட்டாமல் உள்ளே கொண்டுபோக ஏ.டி.ஏ. கார்னே என்று ஒரு ஆவணம் இருக்கிறது, வர்த்தக சபைகள் கொடுக்கும், சுமார் 80 நாடுகளில் செல்லும். எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதன் ஆயுள் அதிகபட்சம் 12 மாதம். கப்பல் பயணம், துறைமுகத்தில் நிற்பது, உள்நாட்டு லாரி, நிறுவுவது, பிறகு ஒரு முழு ஆண்டுச் சோதனை, கழற்றுவது, திரும்பி வருவது என்று கூட்டிப் பாருங்கள், 12 மாதத்தில் அடங்காது. அடங்காவிட்டால் உத்தரவாதம் கொடுத்த சபை வழியாக வரி கேட்டு வந்து நிற்பார்கள், அபராதத்தோடு. இன்னொன்று, சில நாடுகள் கார்னேயைக் கண்காட்சிக்கு மட்டும் ஏற்கும், ஒரு விவசாயியின் கொட்டகையில் வைத்து ஓட்டுவதற்கு ஏற்காது. அதுவும் அந்த அறையில் உண்மையான சரக்கை வைத்து அவர் வியாபாரம் செய்கிறார் என்றால், இது சோதனைக்கு வந்த சாம்பிள் இல்லை, பயன்பாட்டுக்கு வந்த இயந்திரம் என்று கஸ்டம்ஸ் சொல்வதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நீண்ட சோதனைக்கு அந்த நாட்டின் தற்காலிக இறக்குமதி விதியில் பாண்ட், அதாவது உறுதிப் பத்திரம், கொடுத்துக் கொண்டுபோவதோ, முதலிலேயே வரியைக் கட்டிவிட்டு அதைப் பட்ஜெட்டில் காட்டுவதோதான் நிம்மதி. வரி அனுமதிக்கப்பட்ட செலவா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்ன பேட்டரி இருக்கிறதே, அது தனி வம்பு. லித்தியம் பேட்டரி எதுவானாலும், பயணத்தில் ஆபத்தில்லை என்று காட்டுகிற யு.என். 38.3 சோதனைச் சான்று வேண்டும். கடையில் வாங்கிய பேட்டரி என்றால் தயாரிப்பாளரிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். நீங்களே செல்களை அடுக்கிச் செய்த பேட்டரி என்றால் சான்று இருக்காது. முன்மாதிரிகளுக்கும் 100க்கு மேல் போகாத சிறு உற்பத்திக்கும் கப்பலில் அனுப்பத் தனி விதி இருக்கிறது, தனி மாதிரி பேக்கிங்கோடு. விமானத்தில் என்றால் அரசு அனுமதி இல்லாமல் ஏற்றமாட்டார்கள். ஒரு ஷூ பெட்டி அளவு பேட்டரிக்காக முழு கன்டெய்னரும் யார்டில் நின்று டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் பேட்டரியை அந்த நாட்டிலேயே வாங்கி மாட்டுங்கள்.

குளிரூட்ட உள்ளே கேஸ் என்ன போடுகிறீர்கள்? ஆர்-290 என்றால் அது புரோப்பேன், தீப்பிடிக்கும். நிரப்பாமல் அனுப்பிவிட்டு அங்கே நிரப்புவது சுலபம், ஆனால் தீப்பிடிக்கும் கேஸைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.எஃப்.சி. வகை என்றால், பூமியைச் சூடாக்கும் அந்த கேஸ்களைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்ட கிகாலித் திருத்தத்துக்குப் பிறகு பல நாடுகளில் இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறார்கள்.

வெயில்காரன் எழுதியது:

எல்லோரும் எப்படி வாங்குவது என்றே பேசுகிறீர்கள். குளிர்பெட்டியின் பார்ட்னர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அவர் கட்சி.

இந்தத் துறையில் பைலட், அதாவது வெள்ளோட்டச் சோதனை, போட்டே காலம் தள்ளுகிற கம்பெனிகள் உண்டு. ஒரு நாட்டில் பைலட், அடுத்த நாட்டில் பைலட், அதன் அறிக்கை, அந்த அறிக்கையைக் காட்டி அடுத்த மானியம். வெப்சைட்டில் கொடிகள் வரிசையாக இருக்கும், வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கமாட்டார். மானியம் எழுதத் தெரிந்த ஆள் கம்பெனியில் முக்கியமான ஆளாகிவிடுவார், விற்கத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

கொடுக்கிற பக்கமும் அவ்வளவு சுத்தம் இல்லை. கனடாவில் தூய்மைத் தொழில்நுட்பத்துக்கென்றே 2001இல் தொடங்கிய எஸ்.டி.டி.சி. என்ற நிதியமைப்பு இருந்தது. வெளிநாட்டுச் சோதனைக்கானது இல்லை, ஆனாலும் இதே வகைப் பணம். 2024 ஜூனில் அந்த நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. தகுதியே இல்லாத 10 திட்டங்களுக்கு 5 கோடியே 90 லட்சம் டாலர் போயிருந்தது, முடிவெடுக்கிறவர்கள் தங்களுக்கே தொடர்புள்ள நிறுவனங்கள் விஷயத்தில் விதிகளைப் பின்பற்றவில்லை என்றும் சொன்னது. அமைப்பையே கலைத்து வேலைகளை தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்கு மாற்றுவதாக அரசு அறிவித்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன கம்பெனிகள் நியாயமாக வாங்கியவையாக இருந்தாலும் பணம் நின்றுபோய்க் காத்துக் கிடந்தன. பேரேடு போட்ட அந்த 70 கணக்கில், நடுவில் திட்டமே நின்றால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேருங்கள்.

வாங்கப் போகிறவர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் செலவில் கால்வாசியாவது போடட்டும். போடமாட்டேன் என்றால் அவருக்கு அது தேவையில்லை என்று அர்த்தம், சோதனையே முடிந்தது, இலவசமாக.

மதிப்பெண் எழுதியது:

பைலட் போட்டே காலம் தள்ளுகிறவர்கள் பற்றிச் சொன்னது சரி, அவர்கள் விண்ணப்பம் வாசனையிலேயே தெரியும். ஆனால் வாங்குகிறவர் கால்வாசி போடட்டும் என்பதை அப்படியே ஒத்துக்கொள்ளமாட்டேன். சிறு விவசாயக் கூட்டமைப்பிடம் போய், எங்கேயும் ஓடிக் காட்டாத இயந்திரத்துக்குப் பணம் போடு என்றால் அவர் மறுப்பது தேவை இல்லாததால் இல்லை, புத்தி இருப்பதால். முதல் ஆள் ஏற்கும் அந்த ஆபத்துக்குத்தான் அரசுப் பணம் பொருத்தம். வேண்டுமானால் அவர் பணத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது போடட்டும்: இடம், காவல், தினமும் கதவுப் பக்கத்தில் இருந்து குறித்து வைக்க ஒரு ஆள். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நீங்கள் சொல்வது சரி, அங்கே போகவே வேண்டாம்.

இடம் கொடுக்கிறவரின் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குளிர்பெட்டி கேட்டிருந்தார். 'இந்தத் திட்டத்தை வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்' என்கிற கடிதம் கட்டுக்கட்டாக வரும், மதிப்பே கிடையாது. 'இந்த அளவுக்கு மேல் சரக்கு மிச்சமானால், இந்த விலைக்குள் இருந்தால், இத்தனை அறை வாங்குவது பற்றிப் பேசத் தயார்' என்று நிபந்தனையோடு ஒரு கடிதம் இருந்தால் குழுவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த அளவும் விலையும் என்ன என்று அவரிடம் கேட்கும்போதே உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குளிர்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பார்ட்னரிடம் வெயில்காரன் பதிலைக் காட்டினேன், மகிழ்ச்சியில் இருக்கிறார். ஆனால் மதிப்பெண் எழுதிய கதவு விஷயத்தைப் படித்துவிட்டு அவரே, உள்நாட்டில் இதுவரை யாரும் கதவு திறப்பதை எண்ணவே இல்லையே என்றார். முதலில் இங்கே ஓடுகிற அறைகளில் கதவு சென்சர் போடப் போகிறோம், வெப்ப அறையில் 43 டிகிரி சோதனைக்கும் ஆய்வுக்கூடத்தில் விலை கேட்டிருக்கிறோம். இந்தச் சுற்று மானியத்துக்குக் காலக்கெடு நெருங்கிவிட்டது, அடுத்த சுற்றுக்குத்தான் போவோம்.

கேஸ் ஆர்-290தான். பேட்டரி நாங்களே அடுக்கியது, ஆகவே துறைமுகம் சொன்னது நேராக எங்களுக்குத்தான். கடைசிக் கேள்வி மட்டும் நிற்கிறது. முடிந்த பிறகு அறை யாருக்கு? திருப்பிக் கொண்டுவருகிற செலவுக்கு இங்கே புதிதாக ஒன்று செய்துவிடலாம்.

பேரேடு எழுதியது:

மூன்று பேரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. மானியம் கொடுக்கிறவர் சில இடங்களில் சொத்தைச் சில ஆண்டுகள் விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை வைப்பார். சில இடங்களில் இயந்திரத்தின் முழு விலையையும் ஏற்கமாட்டார், சோதனைக் காலத்துத் தேய்மானத்தை மட்டும் ஏற்பார். அப்படி இருந்தால் உங்கள் பட்ஜெட்டே மாறிவிடும், இதை முதலில் பாருங்கள். அடுத்து கஸ்டம்ஸ், அதைத் துறைமுகம் சொல்லிவிட்டார், தற்காலிகமாக உள்ளே போன பொருளை அங்கேயே விட்டால் அன்றைக்கு வரி கட்ட வேண்டும். மூன்றாவது இடம் கொடுத்தவர். அவருக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால், கொடுத்த மறுநாள் கம்ப்ரசர் போனால் யார் பொறுப்பு, உதிரிப் பாகம் எத்தனை நாள் வரை நீங்கள் தர வேண்டும், பேனலைக் கழற்றி அவர் வீட்டுக் கூரையில் போட்டுக்கொண்டால் நீங்கள் கேட்க முடியுமா என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பெயரளவுக்கு ஒரு விலை வைத்து விற்பது இனாமாகக் கொடுப்பதைவிட நல்லது, ஆனால் அந்த விலையை மானியத்தில் கழிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தரவு யாருடையது என்பதை ஒரு தனிப் பத்தியாக எழுதுங்கள். அவர் எவ்வளவு சரக்கு வைத்தார், எப்போது எடுத்தார் என்பது அவர் வியாபாரத்தின் கணக்கு. பொது அறிக்கையில் அது அப்படியே வந்தால் அவருடைய போட்டியாளர் படித்துக்கொண்டிருப்பார். மானியம் கொடுக்கிறவருக்குப் போகும் அறிக்கையில் எது வெளியாகும், எது மூடிய உறையில் போகும் என்று பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.

துறைமுகம் எழுதியது:

ஆர்-290 என்றால் ஏற்றுகிற அன்று நீங்களோ உங்கள் ஆளோ கூட இருங்கள். உள்ளே கேஸ் இல்லை என்று ஒரு சான்றுத்தாளைப் பெட்டியின் வெளியே ஒட்டிவிட்டு, அதே தாளின் நகலை இன்வாய்ஸோடு இணைத்து, எனக்கோ உங்கள் ஏஜென்டுக்கோ முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் தீப்பிழம்பு லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் முதல் கேள்வி வரும்.